ஏழாம் நம்பருக்கு இரண்டு பேர்

கூடைப்பந்து மேட்சின் ஸ்கோர் ஷீட்டில் ஆட்டக்காரனைப் பற்றி இரண்டே சேதிகளுக்குத்தான் இடம் உண்டு. எத்தனை புள்ளி எடுத்தான், எத்தனை ஃபவுல் செய்தான். கூடை விழுந்தால் ஓடும் எண்ணின் மேல் ஒரு சாய்கோடு. ஃப்ரீ த்ரோ என்றால் கறுப்புப் பொட்டு. மூன்று புள்ளி ஷாட் என்றால் அடித்தவனின் சட்டை எண்ணைச் சுற்றி ஒரு வட்டம். அந்தப் பந்தை அவனுக்கு யார் கொடுத்தது, அவனைத் துரத்தி வந்தவனைக் குறுக்கே நின்று மறித்தது யார், அதற்கு முந்தைய நிமிடம் சிமெண்ட் தரையில் விழுந்து முழங்கையைத் தேய்த்துக்கொண்டு பந்தைப் பிடுங்கியது யார் என்பதற்கெல்லாம் கட்டம் கிடையாது. மறுநாள் பேப்பரின் மாவட்டப் பக்கத்தில் வரும் நாலு வரிச் செய்தியும் அந்தத் தாளைப் பார்த்து எழுதுவதுதான். எங்கள் அணி ஜெயித்த செய்திகளில் ஒரே ஒரு பையனின் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்தது. என் எண் ஸ்கோர் ஷீட்டில் இல்லாமல் இல்லை. ஃபவுல் கட்டங்களில் தேடினால் கிடைக்கும்.

அந்தப் பையனை இங்கே ஏழாம் நம்பர் என்றே சொல்கிறேன். நாங்கள் ஆடிய தொண்ணூறுகளில் சர்வதேச விதிப்படி சட்டை எண்கள் 4இல் தொடங்கி 15இல் முடியும். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்டினால் அது புள்ளிக் கணக்கு. நடுவர் காட்டுவது ஆளையா புள்ளியையா என்ற குழப்பம் வேண்டாம் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஏழு என்றால் ஒரு கையின் ஐந்து விரலும் மறு கையின் இரண்டு விரலும். எங்கள் மேட்சுகளில் ஸ்கோர் டேபிளைப் பார்த்து அந்த ஏழு விரல்கள் உயராத ஐந்து நிமிடத்தை நினைவிலிருந்து எடுப்பது கஷ்டம்.

மதுரைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் ஊர். பஸ் ஏறினால் பெரியகுளம். அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடையில் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு ஐ.சி.எஃப்., இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, கப்பற்படை, விமானப்படை என்று பெரிய அணிகள் வந்து இறங்கும். ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் கேலரி நிறைந்து கிடக்கும். தோட்ட வேலை முடித்து வந்தவர்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்கள், வெற்றிலை போட்ட பெரியவர்கள் எல்லாரும் மூன்று செகண்ட் விதியைப் பற்றி நடுவரோடு வாக்குவாதம் செய்கிற ஊர்ப்பக்கம் எங்களுடையது. பாஸ்கட்பால் என்பது பணக்காரப் பள்ளிக்கூடத்து விளையாட்டு என்று பிற்பாடு சென்னையில் ஒருவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

ஏழாம் நம்பரின் அப்பாவுக்கு வாழைக்காய் மண்டி. விடியற்காலை லாரியில் தார் ஏற்றிவிட்டு நேராக கோர்ட்டுக்கு வந்துவிடுவான். கையில் வாழைக்கறை இருக்கும். எங்கள் போர்டு மரப்போர்டு. ரிங் ஸ்பிரிங் இல்லாத கெட்டி இரும்பு, கொஞ்சம் தப்பினாலும் பந்தை வெளியே துப்பிவிடும். திறந்தவெளி என்பதால் சாயங்காலம் மலைக்காற்று வேறு. இதற்கெல்லாம் அவன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். இடது பக்கம் நாற்பத்தைந்து டிகிரியில் நின்று, போர்டில் பெயிண்ட் உரிந்த ஓர் இடத்தில் பந்தைத் தொட்டு இறக்குவான். காற்றடிக்கும் நாளில் பந்தைக் கொஞ்சம் தாழ்வாக விடுவான். வெளியூர் அணிக்காரர்கள் வந்து ரிங்கையே பார்த்து எறிந்து ஏமாந்துகொண்டிருக்கும்போது இவன் போர்டோடு பேசிக்கொண்டிருப்பான். சொல்லிக்கொடுத்து வந்த வித்தை அல்ல. யாரும் இல்லாத கோர்ட்டில் தனியே கிடந்து பழகியது.

இப்படி ஒருவன் அணியில் இருந்தால் மற்ற நாலு பேருக்கு என்ன ஆகும் என்பதை அனுபவித்தவர்கள்தான் சொல்ல முடியும். முதலில் நிம்மதி. பந்தை அவன் கையில் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது. அப்போது 30 விநாடிக்குள் ஷூட் செய்ய வேண்டும் என்பது விதி (2000இல்தான் அது 24 ஆனது). அந்த முப்பதில் இருபது விநாடி அவன் டிரிபிள் செய்வான். நாங்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்ப்போம். கேலரியில் இருந்தவர்களைவிட எங்களுக்கு நல்ல இடம், அவ்வளவுதான் வித்தியாசம். நிம்மதிக்கு அடுத்து வருவது சோம்பல். அதற்கடுத்து வருவதற்குச் சரியான பெயர் தெரியவில்லை. பொறாமை இல்லை. பந்து தன்னிடம் வராது என்று தெரிந்தவனின் கால்கள் தானாகவே மெதுவாகிவிடும். ரீபவுண்டுக்கு அரை அடி தாமதமாகக் குதிப்பான். டிஃபென்ஸுக்குத் திரும்பும்போது கடைசி ஆளாக வருவான். அவனைக் கேட்டால் ஒழுங்காகத்தான் ஆடுகிறேன் என்பான். அவன் சொல்வது பொய்யும் இல்லை.

உள்ளூர்ப் போட்டிகளில் இது செல்லுபடியானது. ஒருமுறை ஒரு துறை அணியோடு லீக் மேட்ச். அவர்கள் எங்களை முந்தின நாளே கேலரியில் உட்கார்ந்து பார்த்திருந்தார்கள். டாஸ் பந்து எழும்பிய முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது, பாக்ஸ் அண்ட் ஒன். நாலு பேர் ரிங்கைச் சுற்றிச் சதுரமாக நின்றுகொள்வார்கள். ஐந்தாவது ஆள், கறுத்த ஒல்லியான ஒருவர், ஏழாம் நம்பரின் சட்டையைப் பிடித்துக்கொள்ளாத குறையாக ஒட்டிக்கொண்டார். அவன் தண்ணீர் குடிக்கப் போனாலும் கூடவே போவார் போலிருந்தது. அவன் அவரைத் தாண்டினால் சதுரத்தின் ஒரு மூலை நகர்ந்து வந்து மறிக்கும். அந்த டிஃபென்ஸின் அர்த்தம் பச்சையானது: மற்ற நாலு பேரும் எங்களுக்கு ஒரு பொருட்டே இல்லை. அன்றைக்கு ஏழாம் நம்பர் நாற்பதுக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்தான் என்பது பேப்பரில் வந்தது. நாங்கள் தோற்ற விதம் வரவில்லை. பாதி ஆட்டத்துக்கு மேல் அவனுக்குக் கால் இழுத்துக்கொண்டது. எங்களுக்கோ கால் சூடாகவே இல்லை.

எங்கள் மாஸ்டர் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.வில் படித்தவர். அந்தக் கல்லூரியை 1920இல் தொடங்கிய ஹாரி க்ரோ பக், மசாசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்துவிட்டு வந்தவர். அங்கேதான் 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் குளிர்காலத்தில் பையன்களைச் சமாளிக்கப் பழக்கூடைகளைத் தொங்கவிட்டு இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தார். இந்த வம்சாவளியை மாஸ்டர் எங்களுக்கு அடிக்கடி சொல்வார். நெய்ஸ்மித்தின் மூல விதிகளில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடவே கூடாது, பிடித்த இடத்திலிருந்து எறிய வேண்டும் என்றிருந்ததை ஏழாம் நம்பரைப் பார்த்துக்கொண்டே சொல்வார். டிரிபிள் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட சங்கதி, பாஸ்தான் மூத்தது என்பது அவர் கட்சி.

அந்தத் தோல்விக்குப் பிறகு அவர் பயிற்சியில் டிரிபிளைத் தடை செய்தார். தரையில் பந்து தட்டினால் எதிரணிக்குப் பந்து. மற்ற நாலு பேர் கையும் பட்டுத் திரும்பி வந்தால்தான் ஏழாம் நம்பர் ஷூட் செய்யலாம். அவனுக்கு முகம் தொங்கிவிட்டது.

“நான் ஷூட் பண்ணாம யாரு மாஸ்டர் பண்ணுவா? இவங்களா?”

“நீ ஷூட் பண்ணுவேன்னு ஊருக்கே தெரியும்லடா. அத வச்சு வேற என்ன வாங்கலாம்னு பாரு.”

அவன் மண்டி வீட்டுப் பையன் என்பதால் அவர் அப்படிச் சொன்னாரோ என்னவோ. மண்டிக்காரர் மடியில் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அவர் மடியை அவிழ்க்காமலே சரக்கு வந்து இறங்கும். ஏழாம் நம்பர் இடது பக்கம் ஒரு அடி எடுத்து வைத்தாலே இரண்டு பேர் அவனை நோக்கி நகர்வார்கள். இரண்டு பேர் ஒருவனிடம் போனால் மிச்சம் மூன்று பேர் நாலு பேரைப் பார்க்க வேண்டும். அந்தக் கணக்கில் எங்கள் பக்கம் ஒருவன் சும்மா நிற்கிறான். இது சின்னக் குழந்தைக்கும் தெரிகிற கழித்தல். ஆனால் பந்து கையில் இருக்கிறவனுக்கு, அதுவும் கூடை போடுவதில் ருசி கண்டவனுக்கு, இரண்டு பேர் தன்னிடம் வருவது தனக்கு விடப்படும் சவாலாகத்தான் தெரியும். இருவரையும் ஏமாற்றிவிட்டு அடிக்கும் கூடைக்குக் கேலரியில் விசில் பறக்கும். அந்த விசில் சத்தத்துக்கு நடுவில், ஆளில்லாமல் நிற்கும் பதினொன்றாம் நம்பர் கண்ணில் படுவது சுலபமில்லை.

மாஸ்டர் வாயால்தான் வில்ட் சேம்பர்லேன் கதையை முதலில் கேட்டேன். எண்களையெல்லாம் பிறகு புத்தகங்களில் சரிபார்த்துக்கொண்டேன். 1962 மார்ச் 2ஆம் தேதி, பென்சில்வேனியாவில் சாக்லேட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி என்ற ஊரில், பிலடெல்பியா வாரியர்ஸ் அணிக்காக அவர் நியூயார்க் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். 169க்கு 147 என்று வெற்றி. அந்த சீசன் முழுக்க அவருடைய சராசரி ஆட்டத்துக்கு 50.4. இன்றுவரை ஒருத்தரும் அதன் பக்கத்தில் போகவில்லை. ஆனாலும் அந்த ஆண்டுக் கோப்பை பாஸ்டன் செல்டிக்ஸுக்குப் போயிற்று. பாஸ்டனின் பில் ரஸ்ஸல் கூடை போடுவதில் வில்ட்டுக்குப் பாதிகூட இல்லை. 13 சீசன் ஆடி 11 கோப்பை வாங்கினார்.

ஐந்து வருடம் கழித்து அதே பிலடெல்பியாவில் வேறோர் அணி, செவன்ட்டி சிக்ஸர்ஸ். அதன் பயிற்சியாளர் அலெக்ஸ் ஹேனம், வில்ட்டைக் குறைவாக ஷூட் செய்யவும் நிறையக் கொடுக்கவும் சம்மதிக்கவைத்தார். 1966–67 சீசனில் வில்ட்டின் சராசரி 24.1க்கு இறங்கியது. அணி 81 ஆட்டத்தில் 68 ஜெயித்து, பாஸ்டன் தொடர்ந்து எட்டு வருடம் வைத்திருந்த கோப்பையைப் பிடுங்கியது. மாஸ்டர் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிடுவார். அவருக்கு அது வசதி. கதை அங்கே முடியவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன்.

வில்ட்டைப் பற்றி எனக்குப் பிடித்த இன்னொரு தகவல், ஃப்ரீ த்ரோ. அதில் அவர் படுமோசம். வாழ்நாள் கணக்கில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் விழுந்திருக்கிறது. 1961–62இல் மட்டும் அவர் இரண்டு கையாலும் பந்தைக் காலிடுக்கிலிருந்து பாட்டி எறிவதுபோல் மேலே வீசினார். அவர் வாழ்விலேயே சிறந்த ஃப்ரீ த்ரோ கணக்கு அந்த சீசனுடையது. நூறு புள்ளி எடுத்த அன்று 32இல் 28 விழுந்தது. அப்புறம் விட்டுவிட்டார். பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கிறதாம். ஏழடி மனிதர், உலகமே பயந்த ஆட்டக்காரர், அணிக்குக் கிடைக்கக்கூடிய புள்ளிகளைக் கேலிக்குப் பயந்து விட்டுக்கொடுத்தார். நட்சத்திரத்திடம் அணி எதிர்பார்ப்பதில் இதுவும் ஒன்று என்று நினைக்கிறேன். கொஞ்சம் கோமாளியாகத் தெரியவும் சம்மதிக்க வேண்டும்.

தடை போட்ட பயிற்சிக்குப் பின் ஏழாம் நம்பர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. முதலில் அவன் பாஸ் கொடுக்கத் தொடங்கிய விதமே எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. வேறு வழியில்லாமல், விநாடி முடியும்போது, சூடான பந்தைக் கையில் திணிப்பான். நாம் தவறவிட்டால் இரண்டு கையையும் விரித்து மாஸ்டர் பக்கம் திரும்புவான். ‘பாத்தீங்களா, நான் சொன்னேன்ல’ என்று அந்தக் கைகள் பேசும். ஒரு ஆட்டக்காரனைக் கொல்ல இதைவிடப் பெரிய ஆயுதம் தேவையில்லை. கேலரி முழுக்க அதைப் பார்க்கும். அடுத்த முறை பந்து வரும்போது கை நடுங்கும். நடுங்கிய கை எறிந்த பந்து இரும்பு ரிங்கில் பட்டு எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டர் ஒருநாள் அவனைக் கூப்பிட்டு, “கைய விரிச்சீன்னா வெளிய உக்காரணும்” என்று மட்டும் சொன்னார். அடுத்த மேட்சில் அவன் விரித்தான். மாஸ்டர் மறுவிநாடியே ஆளை மாற்றினார். அணியில் அதிகம் புள்ளி எடுத்துக்கொண்டிருந்தவனை, ஆட்டம் சமமாக இருக்கும்போது! கேலரியிலிருந்து வந்த வசவுகளை இங்கே எழுத முடியாது. மாஸ்டர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு நினைவில் நிற்பது அதற்குப் பிந்தைய ஒரு நாக் அவுட் மேட்ச். கடைசி சில நிமிடம், புள்ளி முன்பின்னாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பதினொன்றாம் நம்பர் குள்ளமானவன், பாலிடெக்னிக் மாணவன், பேச்சே வராது. வலது மூலையில் நிற்பது அவன் வேலை. ஏழாம் நம்பர் இடது பக்கம் நகர்ந்ததும் இரண்டு பேர் அவனிடம் போனார்கள். பந்து மூலைக்கு வந்தது. பதினொன்று ஷூட் செய்தான், தப்பியது. அடுத்த முறையும் அதேபோல் வந்தது, அதேபோல் தப்பியது. நான் ரிங்குக்குக் கீழே நின்று ஏழாம் நம்பரின் கைகளையே பார்த்தேன். கைகள் விரியவில்லை. முழங்காலில் ஊன்றி மூச்சு வாங்கிவிட்டு டிஃபென்ஸுக்கு ஓடினான். திரும்ப எங்கள் பந்து. திரும்ப இடது பக்கம், திரும்ப இரண்டு பேர். இம்முறை அவன் தானே அடிப்பான் என்று நான் ரீபவுண்டுக்கு இடம் பிடித்தேன். எதிரணியும் அப்படித்தான் நினைத்தது. இரண்டு முறை தப்பியவனை எவன் நம்புவான்? பந்து மூலைக்குப் போயிற்று. முன்னிரண்டு முறையும் திணித்த பந்து இல்லை அது. தையல் விரலில் பொருந்துகிற மாதிரி, மார்புக்கு நேராக, நிதானமாக வந்த பாஸ். பதினொன்று அதைப் பிடித்ததும் என்ன நினைத்தான் என்று தெரியாது. யோசிக்கவே இல்லை என்றுதான் தோன்றுகிறது. விழுந்தது. அன்றைக்கு ஜெயித்தோம் என்பதைவிட, அதற்கடுத்த மேட்சுகளில் பதினொன்றாம் நம்பர் தரையில் விழுந்து பந்து பிடித்த வேகம்தான் எனக்கு முக்கியம். அவன் வாய் திறந்து டிஃபென்ஸில் கத்தத் தொடங்கினான். “அண்ணே, லெஃப்ட்டு, லெஃப்ட்டு!” என்று அந்தக் குரலைக் கேட்டு எங்களுக்கே ஆச்சரியம்.

தவறவிட்டவனுக்கே அடுத்த பாஸ். அணிக்கு நட்சத்திரத்திடமிருந்து வேறு எது வேண்டுமோ இல்லையோ, இது வேண்டும். கூடை விழுந்தவனுக்கு மறுபடி கொடுப்பது பெரிய காரியமில்லை. எவனும் செய்வான்.

கேபிள் வந்த பிறகு அமெரிக்க ஆட்டங்கள் எங்கள் ஊருக்கும் வந்தன. அங்கே ராத்திரி நடப்பது இங்கே விடிந்த பிறகு. 1997 ஜூனில் ஒரு சனிக்கிழமை காலை, ஏழாம் நம்பர் வீட்டுக் கூடத்தில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து சிகாகோ புல்ஸும் யூட்டா ஜாஸும் ஆடிய ஆறாவது இறுதி ஆட்டத்தைப் பார்த்தோம். 86–86. மைக்கேல் ஜோர்டன் அன்றைக்கு 39 புள்ளி எடுத்தவர். கடைசி ஷாட் அவருடையது என்பதில் உலகத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. யூட்டாவின் ஜான் ஸ்டாக்டனுக்கும் இல்லை, அதனால்தான் தன் ஆளை விட்டுவிட்டு ஜோர்டன் பக்கம் பாய்ந்தார். ஜோர்டன் பந்தை ஸ்டீவ் கெர்ருக்குக் கொடுத்தார். ஐந்து விநாடி மிச்சம். கெர் அடித்தது விழுந்து, 90–86 என்று முடிந்தது. கூடத்தில் எல்லாரும் குதித்தோம். ஏழாம் நம்பர் மட்டும் உட்கார்ந்தபடியே, “அந்த ஸ்டாக்டன் வந்தான்ல, அப்பவே முடிஞ்சிருச்சு” என்றான்.

ஜோர்டனும் அந்த இடத்துக்கு நேர் வழியில் வந்தவர் இல்லை. 1986–87இல் அவர் சராசரி 37.1; சிகாகோ ஜெயித்தது 40, தோற்றது 42; பிளே-ஆஃபில் பாஸ்டனிடம் மூன்றுக்கு மூன்றும் தோற்று வெளியே போயிற்று. பில் ஜாக்சன் பயிற்சியாளராகி, டெக்ஸ் வின்டரின் முக்கோண ஆட்டத்தைக் கொண்டுவந்து, பந்து ஐந்து பேர் கையிலும் போகும்படி செய்தபோது ஜோர்டனுக்கு அது ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. 1991 இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், லாஸ் ஏஞ்சலஸில், ஜாக்சன் டைம் அவுட்டில் அவரிடம் யார் ஆளில்லாமல் நிற்கிறார் என்று கேட்டதாகவும், ஜோர்டன் ஜான் பாக்ஸனின் பெயரைச் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. சொன்ன வார்த்தைகள் ஆளுக்கு ஆள் மாறும். மாறாதது, அதற்குப் பின் பாக்ஸன் வரிசையாக அடித்த கூடைகள். 12இல் 9 விழுந்து அவருக்கு 20 புள்ளி. சிகாகோவுக்கு முதல் கோப்பை. அந்த சீசனில் ஜோர்டனின் சராசரி 31.5, வெற்றி 61.

பாஸ் கொடுப்பதே புண்ணியம் என்று இதை எடுத்துக்கொண்டால் தப்பு. எங்கள் ஏழாம் நம்பரே அப்படி எடுத்துக்கொண்ட ஒரு காலம் உண்டு. ஓர் அரையிறுதியில் கடைசி ஷாட்டை அவன் தவறவிட்டு, ஊரில் டீக்கடை டீக்கடையாகப் பேச்சு வாங்கினான். மண்டிக்கே வந்து கேட்டார்கள். அதற்குப் பிறகு கடைசி நிமிடங்களில் பந்து அவன் கையில் தங்கவில்லை. ஒருவன் மட்டுமே அவனை மறித்து நிற்கும்போதும், அவனுக்குப் பிடித்த இடது பக்கத்திலேயே நிற்கும்போதும், பந்தை யாருக்காவது கொடுத்துவிட்டு ஒதுங்கினான். பார்க்கிறவர்களுக்குப் பெருந்தன்மையாகத் தெரிந்தது. கோர்ட்டுக்குள் இருந்த எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. முன்னால் வந்த பாஸில் நம்மேல் நம்பிக்கை இருந்தது. இப்போது வந்ததில் பழி இருந்தது. மூன்று விநாடி இருக்கையில் ஒருமுறை எனக்கே கொடுத்தான். ரிங்கிலிருந்து அவ்வளவு தூரத்தில் என்னிடம் பந்து வருவதற்கு எந்த நியாயமும் இல்லை.

மாஸ்டருக்கு வந்த கோபத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தோம்.

“ரெண்டு பேரு வந்தா குடு. ஒருத்தன் வந்தா அடி. யாரும் வரலன்னாலும் அடி. உனக்குப் பயமா இருக்குன்னு இவனுக்கு ஏண்டா குடுக்குற?”

வில்ட் கதையின் விட்டுப்போன பாகத்தை இங்கே சொல்ல வேண்டும். 1968இல் சிக்ஸர்ஸ் மறுபடி பாஸ்டனோடு மோதியது. மூன்றுக்கு ஒன்று என்று முன்னிலை பெற்றுவிட்டு மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றது. ஏழாவது ஆட்டத்தின் இரண்டாம் பாதி முழுவதிலும் வில்ட் இரண்டே முறைதான் ஷூட் செய்தார். 100–96. அந்த சீசனில் லீகிலேயே அதிக அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ், அவருடையதுதான், அதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. அவருக்குப் பந்து போகாததற்குச் சக ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர் என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் உலகத்தின் மிகப்பெரிய ஸ்கோரர் இருபத்து நாலு நிமிடத்தில் இரண்டு முறை மட்டும் ரிங்கைப் பார்த்தால், எதிரணி எதற்காக இரண்டாவது ஆளை அவரிடம் அனுப்பும்? அவர் அடிப்பார் என்ற பயம் இருந்தால்தான் அவர் கொடுக்கும் பாஸுக்கு மதிப்பு. மாஸ்டர் இந்த 1968ஐ எங்களுக்குச் சொல்லாமல் விட்டதற்காக நான் அவரைப் பிற்பாடு கேட்டேன். “சொல்லிருந்தா அவன் முதல் வருசமே அதப் புடிச்சிக்கிட்டு தொங்கியிருப்பான்” என்றார்.

வேலை நிமித்தம் சென்னைக்கு வந்த பிறகு தெற்கு ரயில்வே பெண்கள் அணியின் ஆட்டங்களைப் பார்க்கப் போவேன். கீது அன்னா ஜோஸ் ஆடிய காலம். 2011இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் சில, தேர்வுக்கு அழைத்தது அவரைத்தான். ஆறடிக்கு மேல் உயரம். ரிங்குக்குக் கீழே பந்து கிடைத்தால் அவரைத் தடுக்க உள்ளூரில் ஆள் கிடையாது. அதனால் இரண்டு பேர், சமயத்தில் மூன்று பேர் சூழ்ந்துகொள்வார்கள். நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் கும்பலுக்கு வெளியே நிற்பவர்களைப் பார்க்கப் பழகினேன். பின்னாளில் பத்மஸ்ரீ பெற்ற அனிதா பால்துரை போன்றவர்கள் அந்த வெளிவட்டத்தில் இருந்தார்கள். அந்தக் கும்பலுக்கு நடுவிலிருந்து ஒரு கை மேலே எழும்பி பந்தை வெளியே தள்ளும் நேரத்துக்காகக் காத்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் என்னைப் பார்த்து, இந்த ஆள் எதிர்ப்பக்கம் எதைப் பார்க்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

இப்போதெல்லாம் ஸ்டீஃபன் கரி பந்து இல்லாமல் சும்மா ஓடினாலே இரண்டு பேர் கூடவே ஓடுவதைக் கைபேசியில் பார்க்கிறோம். அதற்குக் கணக்கெடுக்கவும் ஆட்கள் இருக்கிறார்கள், அசிஸ்டுக்கு மட்டுமல்ல, குறுக்கே நின்று மறிக்கும் ஸ்கிரீனுக்கும் கணக்கு உண்டு. கரி ஆடும் கோல்டன் ஸ்டேட் அணிக்கு 2014இலிருந்து பயிற்சியாளர் யார் என்றால், அந்தச் சனிக்கிழமை காலை ஜோர்டனின் பாஸை வாங்கிய அதே ஸ்டீவ் கெர். நட்சத்திரத்தின் பக்கத்தில் நின்று பந்துக்குக் காத்திருந்தவனுக்குத்தான் நட்சத்திரத்திடம் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும் போலிருக்கிறது. அணி நாலு கோப்பை வாங்கிவிட்டது.

சில வருடங்களுக்கு முன் பதினொன்றாம் நம்பரின் மகள் கல்யாணம், தேனியில். பந்தியில் ஏழாம் நம்பர் எனக்குப் பக்கத்து இலை. தொப்பை போட்டுவிட்டது, மண்டியை மகன் பார்த்துக்கொள்கிறான். மணமேடைப் பக்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்த பதினொன்றைப் பார்த்ததும் எனக்குப் பழசு எல்லாம் வந்தது. அந்த நாக் அவுட் மேட்சைச் சொல்லி, “ரெண்டு தடவ விட்டவனுக்கு மூணாவது தடவ எப்படி மாப்ள குடுத்த?” என்று கேட்டேன். அவன் பெரிதாக ஏதாவது சொல்லப்போகிறான் என்று எதிர்பார்த்தேன்.

“அவன் ஆளுதானே என்கிட்ட வந்தான். வேற யாருக்குப் போட? உனக்கா?” என்றான். அப்பளத்தை நொறுக்கிச் சாம்பாரில் போட்டுக்கொண்டு, “அந்த மேட்ச்ல நீ போட்ட ஸ்கிரீன் எல்லாமே லேட்டு மாப்ள. கரெக்டா போட்டிருந்தேன்னா மூணுல ஒண்ண நானே அடிச்சிருப்பேன்” என்று தொடர்ந்தான். ஸ்கிரீன் சரியான நேரத்துக்குத்தான் வந்தது, இவன்தான் அதற்கு முன்பே கிளம்பிவிடுவான் என்று நான் சொல்ல, எதிர் வரிசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் பழைய ஐந்தாம் நம்பரையும் பஞ்சாயத்துக்கு இழுத்தோம். பாயசம் வரும்வரை தீர்ப்பு வரவில்லை.